உடம்பு சொல்ல வேண்டிய ‘வாங்க’

சரவணா,

நேற்று போனில் “வேணாம்மா, விட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். திரும்ப அடித்தால் எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பிடிவாதத்தில் நீ அப்படியே உன் அப்பாவை உரித்து வைத்த பிள்ளை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது, பாதியில் நீ குறுக்கே பேச முடியாது. வெளியே மழை, எதிர் மலையில் தேயிலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குப் பனி இறங்கிவிட்டது. அப்பா முட்டைக்கோஸ் ஏற்ற லாரியோடு கியா பார்ம் காய்கறித் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். இன்றைக்குப் பாலர் பள்ளியும் விடுமுறை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொன்னாலும் அலுக்காது. ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு பல்லைக் கடித்தாலும் பரவாயில்லை, முழுக்கப் படி.

முதலில் இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுகிறேன். உன் கிட்னி இரண்டும் ஓய்ந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுத்து எழுந்து, வேலைக்கும் போய், முகம் வீங்கிப்போய் இருக்கிறாய். நான் என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்கிறேன். ரத்தம் ஒத்துப்போகிறது. என் இருதயம், நுரையீரல், சிறுநீர் என்று எதையும் விடாமல் சோதித்துவிட்டார்கள். இந்த வயதில் எல்லாப் பரீட்சையிலும் தேறிய ஒரே ஆள் நான்தான். அப்பாவுக்கு இனிப்புநீர் நோய், அவரால் கொடுக்க முடியாது. மருமகள் தேவிக்கு ரத்தம் ஒத்துவரவில்லை. புதன்கிழமைக்குள் நீ சம்மதம் சொன்னால்தான் ஆஸ்பத்திரியில் தேதி குறிப்பார்கள். ஊரே சரி என்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டியவன் மட்டும் வேண்டாம் என்கிறான்.

அதற்கு நீ சொன்ன காரணம் என்னைத் தூங்க விடவில்லை. “என் ஒடம்பு என் சொந்தக் கிட்னியவே விட்டு வைக்கலம்மா. ஒங்களத மட்டும் விட்டு வைக்குமா? அதையும் தூக்கி எறிஞ்சிடும். அப்பறம் நீங்க ஒத்தக் கிட்னியோட இருப்பீங்க, நான் ஒன்னும் இல்லாம இருப்பேன்.” என் வயது, ஆப்பரேஷன், வலி, இதையெல்லாம் நீ காரணமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டே ஜெயித்திருப்பேன். நீ உன் உடம்பின் மேல் பழி போடுகிறாய். அதை ஏதோ துரோகி மாதிரிப் பேசுகிறாய். நான் பத்து மாதம் சுமந்து, மலைக்குளிரில் கம்பளி சுற்றி வளர்த்த உடம்பு அது. அதைப் பற்றி யார் தப்பாகப் பேசினாலும் எனக்குக் கோபம் வரும், நீ பேசினாலும்தான்.

உன்னைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் நான் கேட்ட கேள்விகளைத் தேவி உன்னிடம் சொல்லியிருப்பாள். பாவம், டாக்டரம்மா சின்னப் பெண். காகிதத்தில் படம் போட்டுப் போட்டு விளக்கினாள். கடைசியில் “ஆண்ட்டி, நீங்க டாக்டருக்குப் படிக்கப் போறீங்களா?” என்று சிரித்தாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. என் கிட்னி உனக்குள் வந்தால் அதை யார் தடுப்பார்கள், எதற்காகத் தடுப்பார்கள், அவர்களை எப்படிச் சமாதானப்படுத்துவது. அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் உனக்குச் சொல்கிறேன்.

உன் கல்யாணத்தில் உன் சித்தப்பா சாப்பிடாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? ரிங்லெட் கோயில் மண்டபத்து வாசலில் அத்தனை பேர் நின்றோம். நான் பன்னீர்ச் செம்போடு நின்றேன், அப்பா யாரிடமோ லாரிக் கதை பேசிக்கொண்டிருந்தார், நீ படம் எடுப்பவனுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாய். அவர் உள்ளே வந்தார், ஒரு நிமிஷம் நின்றார், போய்விட்டார். மறுநாள் போனில், “கூடப் பொறந்தவன் வந்து நிக்கறேன், ஒருத்தன் வாயில ‘வாங்க’ன்னு ஒரு வார்த்த வரல. நான் என்ன வேத்தாளா?” என்றார். தீபாவளிக்கு அப்பா வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்ட பிறகுதான் இறங்கி வந்தார். நீ அப்போது, “ஒரு வார்த்தைக்கா இவ்ளோ பெரிய சண்ட?” என்று சிரித்தாய். நம் ஆட்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வாசல். டாக்டரம்மா பேசப் பேச எனக்கு உன் சித்தப்பா முகம்தான் வந்து வந்து போனது. உடம்பும் நாள் முழுக்க இதே வேலையைத்தான் செய்கிறது. யார் நம் ஆள், யார் வேற்றாள், யாரை வா என்பது, யாரைப் போ என்பது.

வெளி வாசல் தோல்தான். மூக்குச் சளி, கண்ணீர், வயிற்றுப் புளிப்பு எல்லாம் அதோடு சேர்த்தி. பெரும்பாலான கிருமிகள் இவற்றைத் தாண்டுவதே இல்லை. தாண்டினால் என்ன நடக்கும் என்பதை நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்குக் காட்டினாய். தேயிலையைக் கவாத்து வெட்டிப் போட்டிருந்த மலையில், போகாதே போகாதே என்று சொல்லியும் பட்டம் விடப் போனாய். வெட்டிய குச்சி உன் உள்ளங்காலில் ஏறியது. மறுநாள் கால் சிவந்து, சூடாகி, சீழ் வைத்துவிட்டது. உனக்கு வலி காலில், ஆனால் கட்டி புறப்பட்டது தொடை இடுக்கில். “அம்மா, எனக்கு வேற ஏதோ நோவு வந்திருச்சு” என்று அழுதாய். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா பார்த்துவிட்டு, “நெறி கட்டிருக்குலா, வேற ஒன்னும் இல்ல” என்றாள்.

அந்த ஒரு காலிலேயே எல்லாப் பாடமும் இருந்திருக்கிறது. குச்சி ஏறியதும், அந்த இடத்திலேயே குடியிருக்கும் சில பெரிய அணுக்கள் கிருமியைப் பிடித்து விழுங்கிவிட்டு மற்றவர்களுக்குத் தகவல் கொடுக்குமாம். ரத்தக் குழாய் இளகி வழிவிடும். அதுதான் வீக்கம், அதுதான் சிவப்பு. முதலில் ஓடிவரும் வெள்ளையணுக்கள் யார் எவர் என்று விசாரிப்பதில்லை, கிருமி என்று தெரிந்தால் போதும், அடித்துக்கொண்டு செத்துப்போகும். நாம் முகம் சுளித்துத் துடைத்துப் போட்ட அந்தச் சீழில் பாதி, உனக்காகச் செத்தவைதான். இன்னொரு வகை அணு கிருமியின் ஒரு துண்டைச் சுமந்துகொண்டு நெறிக்குப் போகும். அங்கேதான் விவரமானவர்கள் இருக்கிறார்கள். டி செல், பி செல் என்று இரண்டு கூட்டம். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரே ஒரு முகம்தான் அடையாளம் தெரியும். கொண்டுவந்த துண்டுக்குப் பொருந்துகிற செல் கிடைத்ததும் அது பெருகோ பெருகென்று பெருகும். அதனால்தான் நெறி புடைக்கிறது. தேள் கொட்டியது ஓரிடம், நெறி கட்டியது ஓரிடம் என்று சும்மா பேச்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மாதம்தான் அதன் அர்த்தம் புரிந்தது.

பெருகிய பிறகு வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். பி செல்கள் எதிர்ப்புப் புரதங்களைச் செய்து ரத்தத்தில் விடும். அவை கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை அசைய விடாமல் செய்யும். டி செல்களில் சில, கிருமி புகுந்துவிட்ட நம் அணுக்களையே தேடிக் கொல்லும். சில, மற்றவர்களை முடுக்கிவிடும். சில, ‘போதும், அடங்குங்கள்’ என்று அதட்டும். எல்லாம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும், ஒருசிலர் மட்டும் அந்த முகத்தை மறக்காமல் வருஷக் கணக்காகக் காத்திருப்பார்கள். உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கட்டி, தாளிக்காமல் சமைத்து, உன் பக்கத்திலேயே நான் படுத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்ததே, என் உடம்பு அந்த முகத்தை மறக்கவில்லை. உன் மேல்கைத் தடுப்பூசித் தழும்பும் இதே வேலைக்குத்தான், ஆள் வருவதற்கு முன்பே முகத்தைக் காட்டி வைப்பது.

இப்போது நீ துரோகி என்று சொல்லும் இடத்துக்கு வருகிறேன். மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறந்த டி செல்கள் அங்கே வந்து பாடம் படிக்கும். பாடம் ஒன்றுதான்: இது உன் வீடு, இதன் மேல் கை வைக்காதே. தன் உடம்பையே அடிக்கப் பார்க்கும் செல்களை அங்கேயே அழித்துவிடுவார்கள். என் பாலர் பள்ளியைவிட ரொம்பக் கண்டிப்பு. அப்படியும் எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாக நடப்பதில்லை, யானைக்கும் அடி சறுக்கும்.

உனக்குச் சறுக்கியது எங்கே தெரியுமா? நீ தொண்டை வலியோடு வீட்டுக்கு வந்தாயே, அந்த வாரம். குளியலறையிலிருந்து வெளியே வந்து, “அம்மா, ஒன்னுக்கு தேத்தண்ணி கலர்ல போவுது. நம்ம தோட்டத்துச் சரக்குதான் போல” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். வெயிலில் அலைந்த சூடு என்று நினைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அப்போதே நோய் வெகுதூரம் போயிருந்தது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். நாம் சிரிக்காமல் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது, அதனால் அதை நினைத்து நீயும் மருகாதே. தொண்டையையும் குடலையும் காக்கிற ஒரு வகை எதிர்ப்புப் புரதம் உன் உடம்பில் கொஞ்சம் கோணலாக உருவாகிறது. உன்னுடைய மற்ற எதிர்ப்புப் புரதங்கள் அதைப் பார்த்து வேற்றாள் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டன. கட்டி கட்டியாகி, கிட்னியின் வடிகட்டியில் போய் உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் அங்கே வீக்கம், தழும்பு. அப்பா கேட்டுவிட்டு, “வேலியே பயிர மேஞ்சிருச்சு” என்றார். நான் அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன். வேலிக்குப் பசியும் இல்லை, கெட்ட புத்தியும் இல்லை. சொந்தச் சித்தப்பாவை வாசலில் வேற்றாள் மாதிரி நிற்க வைத்த கதைதான் இதுவும்.

அதே வகைப் புரதம் சீம்பாலில் நிறைய இருக்குமாம். அதைக் கேட்டதும் எனக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. நீ பிறந்தபோது தோட்டத்து லய வீடுகளில் இரண்டு மூன்று பேர், “மொதப் பால பீச்சி விட்டுடு, மஞ்சளா இருக்கு, புள்ளைக்கு ஆவாது” என்றார்கள். நான் கேட்கவில்லை, ஒரு சொட்டு விடாமல் உனக்குத்தான் கொடுத்தேன். “அதனாலதான் வந்துச்சா டாக்டர்?” என்று கேட்கும்போதே அழுதுவிட்டேன். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “இல்லவே இல்ல ஆண்ட்டி. அது அவரு கொடலுக்குள்ள நின்னு காவல் காத்துச்சு. கொஞ்ச மாசத்துல போயிருச்சு. இப்ப இருக்கறது அவரு ஒடம்பே செஞ்சது” என்றாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

இனி, நீ பயப்படுவது. உன் பயம் பொய் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அணுவின் மேலும் ஓர் அடையாளம் இருக்கிறது, பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. என் கிட்னியில் பாதி அடையாளம் உனக்குத் தெரிந்தது, மறுபாதி தெரியாதது. உன் டி செல்கள் அந்தத் தெரியாத பாதியைப் பார்த்துத்தான் சண்டைக்கு வரும். உன் ரத்தத்தையும் என் அணுக்களையும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள், என்னை அடிக்கத் தயாராக உன்னிடம் இப்போது எதிர்ப்புப் புரதம் எதுவும் இல்லை. ஆனாலும் காலம் முழுக்க மாத்திரை போட வேண்டும், காலையும் மாலையும், நேரம் தவறாமல். அது அந்தக் காவலைக் கொஞ்சம் மந்தமாக்கி வைக்கும். காவல் மந்தமானால் மற்றவர்களுக்குச் சாதாரணமாக வரும் சளி உனக்குப் பெரிதாகலாம். பழைய நோயே புதுக் கிட்னிக்கும் வரலாம், வந்தால் பெரும்பாலும் மெதுவாகத்தான் வரும் என்கிறார்கள். நான் எதையும் மறைக்கவில்லை பார்.

இங்கே ஒரு வேடிக்கை. விஷயம் தெரிந்ததிலிருந்து நம் வாசலில் கூட்டம்தான். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யார் வருவார்கள்? அஞ்சலை அக்கா சீந்தில் கொடியும் வேறென்னவோ ஏழெட்டு வேரும் போட்டுக் கஷாயம் காய்ச்சி, பெரிய போத்தலில் கொண்டுவந்தாள். “ஆப்பரேசன் முடிஞ்சதும் காலைல ஒரு கிளாஸ் குடுலா. எதிர்ப்புச் சக்தி சும்மா கிர்ருனு ஏறும்.” ரிங்லெட் சாப்பாட்டுக் கடை பாய் கருஞ்சீரகமும் தேனும் கொடுத்துவிட்டார், அவரும் அதையேதான் சொன்னார். கோயிலில் பூசாரி உன் பெயர், நட்சத்திரம் சொல்லி, எதிர்ப்புச் சக்தி பெருகட்டும் என்று தீபம் காட்டினார். நமக்கு வேண்டாம் என்று இருப்பதே அதுதானே! பெருகினால் முதலில் அடி வாங்குவது என் கிட்னிதான். அம்மன் முன்னால் நின்று, “தாயே, அவர் சொன்னதை மாத்தி எடுத்துக்கோ, அளவா இருந்தா போதும்” என்று திருத்தி வேண்டிக்கொண்டேன். அஞ்சலை அக்காவை உட்கார வைத்து விளக்கினேன். போத்தலை ஒரு தடவை பார்த்துவிட்டு, “அப்ப நல்லா இருக்கணும்னா, கொஞ்சம் கொறஞ்சும் இருக்கணுமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போத்தலை வாங்கிக்கொண்டு போய் அவளே குடித்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் உனக்கு என் புத்திமதி வழக்கத்துக்கு மாறானது. யார் அன்பாக எந்த வேரைக் கொடுத்தாலும், டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்காதே. “வேண்டாம்” என்று சொல்லக் கூச்சப்பட்டால் என்னைக் கைகாட்டு, கெட்ட பெயர் எனக்கு வரட்டும். காய்ச்சல் என்றால் படுத்துப் பார்ப்போம் என்று இருக்காதே, உடனே போ. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் நின்றபடி ஸ்ட்ராபெரியைக் கழுவாமல் தின்னும் பழக்கத்தை விட்டுவிடு. மாத்திரை நேரத்தைத் தேவியின் தலையில் கட்டாதே. அவள் உன் மனைவி, கடிகாரம் இல்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் படு. எனக்கும் வலிக்கும், பயமும் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க நானும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கிட்னியோடு நன்றாக இருக்கலாம் என்று விளக்கி, என்னைத் தனியாக உட்கார வைத்து, யாரும் கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டுத்தான் சரி சொன்னார்கள். “கட்டாயப்படுத்தறது நான்தான்” என்றேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நீ என் வயிற்றில் இருந்தபோது நீயும் பாதி வேற்றாள்தான். உன் அடையாளத்தில் பாதி உன் அப்பாவுடையது. என் உடம்பின் சட்டப்படி பார்த்தால் உன்னைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அதட்டுகிற செல்கள் மற்றவர்களை அடக்கி வைத்தனவாம், நஞ்சுக்கொடியும் உன்னை மறைத்துக் காத்ததாம். அதுமட்டும் இல்லை, எனக்கு வந்து போன அம்மை மாதிரி நோய்களின் ஞாபகத்தையெல்லாம் என் உடம்பு புரதமாக்கி உனக்கு அனுப்பியும் வைத்தது. நீ பிறந்த பிறகும் உன்னுடைய அணுக்கள் சில அம்மாவின் உடம்பில் வருஷக் கணக்காகத் தங்கிவிடுவது உண்டு என்று டாக்டரம்மா சொன்னாள். உனக்கு இத்தனை வயதாகிறது, இன்னும் காலி செய்யாமல் எங்கேயோ எனக்குள் குடியிருக்கிறாய் போலிருக்கிறது. வாடகை கேட்டேனா?

ஆகவே ஓர் உடம்பு இன்னொருவரை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று என்னிடம் கேட்காதே. என் உடம்பு மாத்திரை இல்லாமலே அதைச் செய்திருக்கிறது. உன்னுடையது என்னிடமிருந்து வந்த உடம்பு, மாத்திரை துணைக்கு இருந்தால் அதுவும் கற்றுக்கொள்ளும். என் கிட்னியை முதுகுப் பக்கம் வைக்க மாட்டார்களாம். அடிவயிற்றில், முன்பக்கம் வைப்பார்களாம். நான் உன்னை எங்கே வைத்திருந்தேனோ, ஏறக்குறைய அதே இடம். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று பஸ்ஸில் தாப்பாவிலிருந்து மேலே ஏறும் வளைவு முழுக்க எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

பையைக் கட்டிவிட்டேன். அப்பா லாரிக்கு ஆள் மாற்றி வைத்துவிட்டார். ஆனால் நானும் உன் சித்தப்பா பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள்தான். அழைக்காத வீட்டுக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை. வெற்றிலை பாக்கு வேண்டாம், பழத் தட்டு வேண்டாம். புதன்கிழமைக்குள் போன் போட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்.

“வாங்கம்மா.”

அது போதும், நான் வந்துவிடுவேன்.

உன் அம்மா